கொடுத்ததைச் சொல்லிக் காட்டலாமா?

பிள்ளைகளின் படிப்புக்காக நாம் படும் பாட்டை அவர்களிடம் சொல்லலாமா, கூடாதா? கேட்பதற்கு எளிய வினாதான். ஆயினும் 35 ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, எழுபது வயதைக் கடந்த பின்னரே இதற்கு ஓரளவேனும் விடை புலப்பட்டது. அதுவும் என் பேத்தியின் வாயிலாக.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவள். பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்து விடுதிக்குச் சென்றாள். முதல் செமஸ்டர் முடிவுகள் வெளிவந்த சில நாட்களில் ஒரு வார விடுமுறைக்கு என்னிடம் வந்தாள். பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அவளுக்கு இரண்டு கவளத்திற்கு மேல் இறங்கவில்லை. இரவு முழுதும் புரண்டுகொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டதற்கு முதலில் அழுகைதான் விடையாக வந்தது. பிறகு சொன்னாள்: "பாட்டி, கணக்கிலும் இயற்பியலிலும் அரியர். அப்பாவிடம் சொல்லவில்லை. எப்போது பேசினாலும் கல்விக் கடன் இவ்வளவு நிற்கிறது, அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது என்கிறார். நான் எந்த வாயால் சொல்வேன்?"

ஆசிரியப் பயிற்சி பெற்றவள், உளவியலை ஒரு பாடமாகவே படித்துத் தேறியவள், அப்போது என்ன சொன்னேன் தெரியுமா? "இதற்கெல்லாமா அழுவார்கள்? நாங்கள் சிம்னி விளக்கில் படித்தவர்கள்" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தால் அவள் தலைமேல் இருந்த சுமையோடு என் சிம்னி விளக்கையும் சேர்த்து வைத்துவிட்டேன் என்பது விடியும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை, ஆசிரியை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "எந்த இடத்தில் புரியவில்லை?" குறிப்பேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்று பேராசிரியர் ஒரு வாரம் நடத்தினாராம். எழுதிக்கொண்டே இருந்தாளாம், ஒன்றும் விளங்கவில்லையாம். பதினோராம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வரச்சொன்னேன். தகைவு, திரிபு என்று அதே பாடம் அங்கே இருந்தது. அவள் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பாடம். "இதுதானா அது!" என்று வாய்விட்டுச் சொன்னாள். தெரிந்த பொருளே அயல்மொழி உடுத்து வந்ததால், தனக்கு அறிவே இல்லை என்று நான்கு மாதங்களாக நம்பியிருக்கிறாள் அந்தக் குழந்தை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியிலும் தொடங்கியது. எனினும் தமிழ் வழியில் பயின்ற பிள்ளைகளிற் பெரும்பாலோர் ஆங்கில வகுப்பறைக்குள்தான் நுழைகின்றனர். அந்த முதல் ஆண்டின் தத்தளிப்பை நாம் சோம்பல் என்று பெயரிட்டு விடுகிறோம்.

தகைவு என்றால் என்ன என்று எனக்கே விளக்கும்படி கேட்டேன். விசையைப் பரப்பால் வகுப்பது என்றாள். ஒரே எடையை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால் தகைவு மிகுதி, தடித்த கம்பியில் குறைவு. மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரை கம்பி பழைய நிலைக்குத் திரும்பும்; எல்லை கடந்தால் திரும்பாது. சொல்லி முடித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். நானும் பேசவில்லை.

1936-ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ ஆய்வாளர், எலிகளுக்குக் குளிர், காயம், நஞ்சு என வெவ்வேறு துன்பங்கள் நேர்ந்தபோதும் உடல் ஒரே வகையில் தளர்வதைக் கண்டு எழுதினார். பின்னர் அதற்கு அதே ஸ்ட்ரெஸ் என்னும் பெயர் நிலைத்தது. உடலுக்குக் காரணம் தேவையில்லை, சுமைதான் கணக்கு. பேத்தியின் வயிற்றில் சோறு இறங்காமற் போனதற்கும் அதுதான் காரணம்.

படிக்கும் முறையிலும் ஒரு குறை இருந்தது. இரவு 2 மணிவரை விழித்து ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசித்திருக்கிறாள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலறிஞர் இருவர் நடத்திய ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர் ஐந்து நிமிடத்தில் வைத்த சோதனையில் முந்தினர்; மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரோ ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முந்தினர். புத்தகத்தை மூடு, தமிழில் எனக்குச் சொல், பிறகு ஆங்கிலத்தில் எழுது, நேரத்தோடு உறங்கு என்றேன். ஒரு வாரம் அப்படியே செய்தோம். எனக்கும் கொஞ்சம் இயற்பியல் வந்தது.

இனி வினாவுக்கு வருகிறேன். மகனைக் குறை கூற எனக்கு வாயில்லை. 1993-இல் அவனைக் கல்லூரி விடுதியில் சேர்க்க என் வளையல்களை அடகு வைத்தேன். மாதந்தோறும் எழுதிய இன்லாந்து கடிதத்தின் கடைசி வரியில் வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதுவேன். அவன் பொறுப்போடு படிக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவன் வாங்கும் மதிப்பெண்ணில் எனக்கும் பங்கு உண்டென்று பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். மிகுபொருள் விரும்பாமை என்று பேசும்போது நாம் நிலத்தையும் நகையையும் நினைக்கிறோம். பிள்ளையின் மதிப்பெண்ணும் 'எனது' என்னும் பற்றுக்கு உரிய பொருளாகிவிடும் என்பதை நினைப்பதில்லை.

அதற்காகக் குடும்ப நிலையைப் பிள்ளைகளிடம் மறைக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. கடன் இருக்கிறது என்பது உண்மை; பதினெட்டு வயதுப் பிள்ளை அதை அறிய வேண்டும். ஒரு முறை உட்கார்ந்து கணக்கோடு சொன்னால் அது உண்மை பேசுதல். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் சொன்னால் அது வட்டி வசூல். அவ்வாறே பிள்ளைகளும், முயற்சிக்குத்தான் தாம் கடமைப்பட்டவர் என்பதை உணர வேண்டும். முயன்றபின் வரும் தோல்வி குற்றமன்று. அதை மறைக்கத் தொடங்கும்போதுதான் ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை தேடுகிறது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இந்த எண்ணை எழுதவே கை நடுங்குகிறது. வீட்டில் சொல்ல இயலாத பிள்ளை 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். இது பெற்றோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

விடுமுறையின் கடைசி நாளில் மகன் வந்தான். நான் சொல்வதாக முன்வந்தும் பேத்தி மறுத்துத் தானே சொன்னாள். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முன்பே ஏன் சொல்லவில்லை?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவனைக் கேட்டேன்: "என் கடிதங்களை நீ எப்படிப் படிப்பாய்?"

"கடைசி வரியை மடித்து வைத்துவிட்டுத்தான் படிப்பேன் அம்மா" என்றான்.

அடுத்த தேர்வில் இயற்பியல் தேறிவிட்டாள். கணக்கு இன்னும் நிற்கிறது. அப்பா இப்போது தொலைபேசியில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்கிறாராம். அதன்பின் சிறிது நேரம் சும்மா இருக்கிறாராம். எதைக் கேட்க நினைத்து நிறுத்துகிறார் என்பது தனக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரிக்கிறாள்.