கண்காணிப்பும் கண்ணோட்டமும்

கண்ணோட்டம் என்பது திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குப் பெயர். இன்றைய வழக்கில் அச்சொல் கருத்துநிலை என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றபோதிலும், வள்ளுவர் கருதியது பிறர்பாற் கண் சென்று இரங்கும் பண்பினையே. மலையகத் தோட்டங்களிற் பன்னெடுங்காலம் வழங்கிய கங்காணி என்னும் சொல்லும் கண்ணின் வழிப் பிறந்ததே. கண்காணிப்பவன் கண்காணி, அவனே கங்காணி. நிழற்படக் கருவியின் கண் இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்ற வினா எல்லாக் கமராக்களுக்கும் உரியது. ஆயினும், உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் பழைய நுண்கமராக்களைப் பொறுத்தவரை அது தனிக் கூர்மை பெறுகின்றது.

அவற்றுள் புகழ்மிக்கது மினொக்ஸ். வோல்ட்டர் ஸாப் என்பார் வடிவமைத்த இக்கருவி 1930களின் பிற்பகுதியில் லத்வியாவின் றீகா நகரத் தொழிற்சாலையொன்றிலிருந்து வெளிவந்தது. நீளம் ஏறத்தாழ 8 சென்றிமீற்றர். எடை 130 கிராம் அளவு. 9.2 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருளில், 8க்கு 11 மில்லிமீற்றர் அளவில், ஐம்பது படங்கள். எவரும் எப்போதும் உடன்கொண்டு செல்லத்தக்க கருவியொன்றை ஆக்குவதே ஸாப்பின் எண்ணமாயிருந்தது. உலகமோ அதனை ஒற்றர்களின் கருவியாகவே நினைவிற் கொண்டுள்ளது. பிற்காலத்து மினொக்ஸ் கருவிகளுடன் வந்த சங்கிலியில், தாளொன்றை நகலெடுப்பதற்குரிய தூரங்களைக் காட்டும் அடையாளங்கள் இருந்தமையும் இதற்குத் துணைசெய்தது. யப்பானிய மாமியா 16, மினோல்ற்றா 16 ஆகியனவும் இக்குடும்பத்தைச் சார்ந்தவையே.

இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. இருப்பினும் பெரிய சுருளை இருட்டில் அளந்து மெல்லிய நாடாவாக அரிந்து, தாமே கழுவிப் பெருக்கிப் படம் காணும் ஆர்வலர் இன்றும் உளர். நகத்தளவுத் துண்டிலிருந்து ஒரு மலையும் ஒரு முகமும் எழுவதைக் காணும் இன்பம் குற்றமற்றது. ஆனால் அதனோடு ஒட்டிக்கொண்டு இன்னோர் இன்பமும் வருகின்றது. அது காணப்படாமற் காணும் இன்பம். ஆர்வலர் பலர் இதனை வெளிப்படக் கூறத் தயங்குவர். ஆயின் இக்கருவிகளின் புகழிற் பாதி இதனையே பற்றி நிற்கின்றது.

நமுனுகுலை மலையின் அடிவாரத்தில், பசறையைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளின் நடுவே செல்லும் வீதியொன்றில் இத்தகைய கமராவுடன் ஒருவன் நிற்பதாகக் கொள்வோம். மேலே, கூடையைத் தலையிற் கட்டித் தொங்கவிட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். அவன் கையை உயர்த்தியதுகூட எவர்க்கும் தெரியாது. படமெடுத்ததால் கூடையிற் கொழுந்து குறையவில்லை, எவரும் நோகவுமில்லை. அவ்வாறாயின் இதில் பிழை எங்கே உள்ளது?

இதற்கு விடை அந்த ஒரு கணத்தில் இல்லை. அப்பெண்கள்மீது ஏற்கெனவே படிந்துள்ள பார்வைகளின் வரலாற்றில் உள்ளது. பிரட்டுக்களம் தொடங்கி நிறுவை வரை அவர்களது நாள் பிறர் பார்வையிற் கழிவது. தோட்ட வழக்கிற் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்றோலில் இவ்வாறு பேர் விழுந்தோர், படங்களிற் பேரற்றவராயினர். 1875இல் இலங்கை வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமெரன், இங்கிலாந்திலே தம் பணிப்பெண்ணையும் பெயர் அறியப் படமெடுத்தவர். இங்கு அவர் எடுத்த உழைப்பாளர் படங்களிற் பெரும்பாலானவற்றில் பெயர்கள் இல்லை. களுத்துறையில் அவரைச் சந்தித்த ஓவியர் மரியான் நோர்த் பதிந்துள்ள செய்தியொன்று சிந்தனைக்குரியது. ஒருவனது முதுகின் அழகிலே கமெரன் ஈடுபட்டு, தோட்டமே இல்லாதிருந்தும் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் செய்தாராம். பின்னர் வந்த தேயிலை விளம்பரங்களிலும் அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிப்பவள் ஒரு காட்சியாகவே நின்றாள்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தபோது, கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் முகம் தேவைப்பட்டது. அது இன்னொரு வகைப் பார்வை. இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது, குடும்பமொன்று நல்லுடை உடுத்து நகரத்து ஸ்டூடியோவுக்குச் சென்று தானே எடுப்பித்துக்கொண்ட படம். அதிற் கைகள் விறைத்திருக்கும். பின்னணித் திரைச்சீலையில் எங்குமில்லாத பூங்கா இருக்கும். கலைஞர் அதனை எள்ளுவர். ஆயினும் அம்முகங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அம்முகத்துக்குரியோரே தீர்மானித்தனர். படமும் லயத்துச் சுவரில் அவர்களுடையதாகவே தொங்கியது.

ஈண்டு கருவியின் இயல்பையும் நோக்குதல் தகும். மினொக்ஸ் வில்லையின் குவியத் தூரம் 15 மில்லிமீற்றர். வீதியில் நின்று 20 மீற்றர் தொலைவிலுள்ள ஒருத்தியை எடுத்தால், 1.6 மீற்றர் உயரமுள்ள அவள் உருவம் படச்சுருளில் 1.2 மில்லிமீற்றர் அளவே அமையும். முகமோ மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்கு. எவ்வளவு பெருக்கினும் அது வெறும் மணித்துகளே. முழு உருவமும் சட்டத்தை நிறைக்க வேண்டுமாயின் இரண்டேகால் மீற்றர் அளவில் நிற்க வேண்டும்; முகமும் தோளும் நிறைய வேண்டுமாயின் ஒரு மீற்றருக்கும் குறைவாக நெருங்க வேண்டும். ஒளிந்திருப்பதற்கென்றே பிறந்தது எனப்படும் கருவி, மனிதரைப் பொறுத்தவரை, பேச்சுக் கேட்கும் தூரத்திலன்றிப் பயன்தருவதில்லை. தாள்களை உளவு பார்க்க அது வல்லது. மலைச்சரிவிலுள்ள முகங்களைத் தொலைவிலிருந்து கவர வல்லதன்று.

நெருங்கியிருந்தும் மறைத்து எடுக்கலாமே எனின், உண்மையே. பதுளையிலிருந்து பசறை செல்லும் பஸ்ஸில் எதிர் இருக்கையிலிருப்பவரை அவ்வாறு எடுத்தல் எளிது. கேட்டு எடுத்தால் முகம் பொய்யாகிவிடும் என்ற வாதமும் வலுவற்றதன்று. வோக்கர் எவன்ஸ் 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயோர்க் சுரங்க ரயிலில், அங்கிக்குள் கமராவை மறைத்துப் பயணிகளைப் படமெடுத்தார். காவல் தளர்ந்த அம்முகங்களின் உண்மை மறுக்கவொண்ணாதது. ஆனால் அவற்றை அவர் நூலாக வெளியிட்டது 1966இலேதான். கால் நூற்றாண்டு கழிந்தபின் அப்பயணியரை எவரும் எளிதில் இனங்காணார். அவ்விடைவெளியை மறைத்தெடுத்ததற்கான ஈடாகக் கொள்ளலாம். முழு ஈடாகுமா என்பது ஐயத்துக்குரியது. மேலும், எவன்ஸ் அதே ரயிலில் அதே நாணயத்தைப் போட்டு ஏறியவர். சரிவில் நிற்பவளும் வீதியில் நிற்பவனும் அவ்வாறு ஒரே பயணத்தினர் அல்லர். இறங்கிச் செல்லும் வசதி அவனுக்கு மட்டுமே உண்டு.

கேட்டால் மறுப்பு வரலாம் என்பதே மறைப்பதற்கான மெய்க் காரணம். ‘வேணாங்க’ என்று ஒருத்தி கொங்காணியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டால் அந்தப் படம் இல்லை. சுருளில் ஓரிடம் மிச்சம். அவள் இசைந்தாலோ கூந்தலை ஒதுக்குவாள், கூடையை இறக்கி வைப்பாள், பக்கத்து நிரையிலிருப்பவளையும் அழைப்பாள். தொழிலாளி என்னும் காட்சி கலைந்துவிடும்; எதிர்பார்த்த படம் கிடைக்காது. கிடைப்பது, அவள் விரும்பிய படம். அதனைப் பத்து மடங்கு பெருக்கினால் 8க்கு 11 சென்றிமீற்றர் வரும். லயத்துக் காம்பிராவின் சுவரில் மாட்ட அது போதும். கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அவள் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும்.