டைனமோ மாறினால் கார் மாறுமா?

ஐம்பது வயதைக் கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. கார் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. டைனமோ, கட்-அவுட், பெட்ரோல் பம்ப், கார்பரேட்டர் பற்றி அந்த வரையறை வாய் திறக்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர் ஆண்டு முழுவதும் மல்லுக்கட்டுவதோ இவற்றோடுதான். சேஸிஸ் நூறு வருஷம் கிடக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்தே தீரும். தேய்ந்ததை எல்லாம் மாற்றிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது அந்தக் கார் இல்லை என்றாகிறது? சட்டம் விட்ட இடைவெளியில் தத்துவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கேள்வி பழையது. மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார்: அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா, நுகம்தான் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் கூடிய இடத்தில் வழங்கும் பெயர்தான் தேர் என்று முடிந்தது அந்த உரையாடல். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலை வைத்து ஏதென்ஸ்காரர்களும் இதையே விவாதித்தார்கள். நாகசேனரின் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் பட்டறையில் அது உதவாது. எல்லாம் வெறும் பெயர் என்றால், எதை மாற்றினாலும் ஒன்றுதான். எந்த மாற்றம் தகும், எது தகாது என்று தரம் பிரிக்க அதில் வழியில்லை. அதற்குத் திருவரங்கத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

1323இல் தில்லிப் படை வந்தபோது திருவரங்கத்து உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு அடியார்கள் வெளியேறினார்கள். ஊர் ஊராகச் சுற்றிய மூர்த்தி 1371இல் விஜயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் கோயிலில் வேறொரு உற்சவரை எழுந்தருளச் செய்திருந்தார்கள். இருவரில் யார் முன்பிருந்தவர்? நேரில் கண்டு சொல்லும் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகின் மரபு சொல்வது இது: பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த, கண் பார்வை போன முதியவர் ஒருவரை அழைத்தார்கள். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையின் தீர்த்தத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அதை வாயிலிட்டுப் பார்த்தவர், இவரே நம்பெருமாள் என்றார்.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வடிவம் சாட்சியாகவில்லை, சாட்சிக்குக் கண்ணே இல்லை. பயன்பாடும் சாட்சியாகவில்லை, ஏனென்றால் இரு மூர்த்திகளுக்கும் பூசை நடந்திருக்கிறது. தலைமுறைகளாகச் சாத்திய திருமஞ்சனப் பொருள்களின் வாசம், அதை வருஷக்கணக்காகக் கையில் ஏந்திய ஒரு தொழிலாளியின் நாக்கு, இவ்விரண்டும்தான் அடையாளத்தை நிறுவின. அதாவது, ஒரு பொருள் அதே பொருளாக நீடிப்பது அதற்குத் தொடர்ந்து செய்யப்படும் கைங்கர்யத்தில். இன்னொரு மூர்த்தியையும் யாரும் அகற்றிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவர் இன்றும் அங்கேயே இருக்கிறார்.

அர்ச்சாவதாரமான பெருமாளையும் துருப்பிடித்த ஆஸ்டின் காரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று ஒரு வைணவர் சீறக்கூடும். நியாயம்தான். காருக்குள் தெய்வம் இருக்கிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஐயம் வந்தபோது ஒரு சமூகம் எதைச் சான்றாக ஏற்றது என்ற முறையை மட்டும்தான் கடன் வாங்குகிறோம். அதே கோயிலின் மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். காப்பு புதிதாகச் சாத்தப்படுகிறது என்பதால் பெருமாள் புதியவர் ஆகிவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை.

இப்போது பானெட்டைத் திறப்போம். டைனமோவின் கார்பன் பிரஷ்ஷை மாற்றுவது, கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே ஏறி நிற்கும் மைக்காவைச் சுரண்டித் தாழ்த்துவது, கட்-அவுட் பாயிண்டுகளை நைஸ் கிளாஸ் பேப்பரால் தேய்ப்பது எல்லாம் காப்புச் சாத்துவது போன்றவை. பாகம் புதிது, பணிவிடை பழையது. ஆல்டர்நேட்டர் பொருத்துவது இந்த வகையில் சேராது. அது மேலான கருவிதான். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போதும் சார்ஜ் ஏற்றும், டைனமோவால் அது முடியாது. ஆனால் 1950களின் ஆஸ்டின், மாரிஸ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் எர்த். வழக்கமான ஆல்டர்நேட்டருக்கு மைனஸ் எர்த் வேண்டும். எனவே பேட்டரியைத் திருப்ப வேண்டும், இக்னிஷன் காயிலின் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். ஆம்பியர் மீட்டரையும் கவனிக்காமல் விட்டால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும். ஒரு பாகத்தை மாற்றப் போய் மின்சாரம் ஓடும் திசையையே மாற்றியாகிவிட்டது. அந்த வண்டியைப் பல காலம் பார்த்த மெக்கானிக்கின் கைப்பழக்கத்துக்கும் இனி அங்கே வேலை இல்லை. வெளுப்பவரின் நாக்குக்கு அடையாளம் தெரியாத மாற்றம் இது.

எரிபொருள் பக்கம் நிலைமை வேறு; அங்கே மாற்றம் உரிமையாளரைக் கேட்டு வருவதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரை இளக்கும், ஈரத்தை இழுத்து டேங்கில் துருவேற்றும். பெட்ரோல் பம்ப்புக்குக் கம்பெனியில் வந்த ரப்பர் டயாபிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒருநாள் பம்ப் கசிந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். அதைப் பக்தி என்று சொல்ல முடியாது. எத்தனால் தாங்கும் டயாபிரம்மைப் பழைய பம்ப்பிலேயே போடுவதுதான் சரி.

திருச்சிக்காரர்களுக்கு இதில் பொன்மலையே சாட்சி. நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி 1928இல் இங்கே வந்த ரயில்வே பட்டறை, நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் பராமரிக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அவற்றில் சில நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறின. ஊட்டும் உணவு மாறியது. நீராவியும் பல்சக்கரமும் அப்படியே இருக்கின்றன, எஞ்சினும் அதே எஞ்சின். பிறகு அதே வகையில் முற்றிலும் புதிய எஞ்சின்களையும் பொன்மலை கட்டித் தந்தது. அவற்றின் நிலை திருவரங்க மாளிகையாருடையது: மரியாதை உண்டு, சேவை உண்டு, பழையவற்றின் பெயர் மட்டும் கிடையாது.

வலுவான மறுப்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் திருவரங்கத்திலிருந்தே எழுப்பலாம். ஓர் உயிர் தன் பொருட்டு இயக்கவும் தாங்கவும் தக்கதாய், அதற்கே அடங்கி நிற்பதை இயல்பாகக் கொண்டதுதான் உடல் என்று ஸ்ரீபாஷ்யத்தில் ராமாநுசர் வரையறுத்தார். அப்படியானால் ஓட்டுபவரின் நோக்கத்துக்கு அடங்குவதுதானே காரின் இயல்பு? ஆல்டர்நேட்டர் என்ன, எலெக்ட்ரிக் மோட்டாரே அதற்கு ஏற்றதாயிற்றே? அன்றாடம் ஆபீஸ் போகும் காருக்கு இந்த வாதம் பொருந்தும். விண்டேஜ் காரில் உறவு தலைகீழ்: அது நமக்கு அடங்கி நிற்பதில்லை, நாம்தான் அதற்குச் சேஷப்பட்டு நிற்கிறோம். வசதிதான் நோக்கம் என்றால் ஷோரூம் திறந்தே இருக்கிறது.

மங்கிய ஹெட்லைட்டோடு இரவில் காவிரிப் பாலத்தில் ஊர்ந்து எதிரே வருபவரை ஆபத்தில் தள்ளுவது என்ன கைங்கர்யம் என்ற கேள்விக்கு இப்படித் தப்பிக்க முடியாது. பிறர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமை விட்டுக்கொடுத்தாக வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை செய்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் வடம் பிடிப்பது நிற்கவில்லை, தேரை மோட்டார் வண்டி ஆக்கவுமில்லை. காருக்கும் அந்த அளவு போதும்: டைனமோவை வைத்துக்கொண்டே, பிளஸ் எர்த்துக்கு ஏற்ற எல்இடி பல்புகளைப் போட்டுச் சுமையைக் குறைக்கலாம். அதுவும் போதாவிட்டால் இருட்டுவதற்குள் வண்டியை ஷெட்டில் விட்டுவிடலாம். விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்ட விதியும் அனுமதிப்பதில்லை. கண்காட்சிக்கு, பேரணிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க எடுக்கலாம்.