புண்ணுக்கு மருந்து, பயத்துக்கு வேல்



முருக பக்த தம்பி தங்கைகளே, இன்னைக்கு கோயில் கதை இல்லை. ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போகப் போறோம்.

நம்ம பழவேற்காடு பக்கம் ஏரியில இறங்குறவங்களுக்கு காயம் புதுசு இல்லை. சேத்துல கால் வைக்கும்போது திருக்கை வால் முள்ளால அடிச்சிடும். வலை உதறும்போது கெளுத்தி முள் கையில ஏறிடும். சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். திருக்கை அடிச்சா, கை தாங்குற அளவு வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைக்கச் சொல்றாங்க டாக்டர்கள். சூட்டுக்கு அந்த விஷ வலி இறங்கும். ஆனா முள்ளு உடைஞ்சு உள்ளேயே தங்கியிருக்கலாம். அதனால ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். சர்க்கரை வியாதி உள்ளவங்க காலா இருந்தா ஒரு நாள்கூட தள்ளக் கூடாது.

உண்மையான சோதனை அதுக்கு அப்புறம்தான். காயம் பட்டது ஒரு நொடி. டிரெஸ்ஸிங் மாத்துறது வாரக்கணக்கு. காலையில டிரே தள்ளிக்கிட்டு சிஸ்டர் வர்ற சத்தம் கேட்டாலே, கடல் அலைக்குப் பயப்படாத ஆளுக்கும் வயிறு கலங்கும். ராத்திரி தூக்கம் வராது. "கால எடுத்துடுவாங்களோ? தொழிலுக்கு எப்போ போறது? வீட்டுல அடுப்பு எரியுதா?" என்று மனசு ஓடிக்கிட்டே இருக்கும். பாதியிலேயே பெயர் வெட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புறவங்க நிறைய பேர் வலியால கிளம்புறதில்லை, இந்தப் பயத்தாலதான் கிளம்புறாங்க.

இதே பயம் நிற்கிற கட்டிலில் நம்ம குருநாதர் ஒருத்தரும் படுத்திருக்கிறார். பாம்பன் சுவாமிகள்.

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச்செட்டி தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்த சுவாமிகள் மீது குதிரை வண்டி மோதியது. இடது கால் எலும்பு முறிந்தது. சென்னை பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள், இன்றைக்கு சென்ட்ரல் எதிரே இருக்கும் அதே பெரியாஸ்பத்திரிதான். எழுபதைத் தாண்டிய வயது. பல வருடங்களாக உப்பில்லாத உணவு. எலும்பு கூடாது, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னதாக அவருடைய வரலாறு கூறுகிறது.

சுவாமிகள் என்ன செய்தார்? "நான் சாமியார், எனக்கு மருத்துவம் வேண்டாம்" என்று எழுந்து போகவில்லை. கட்டிலில்தான் இருந்தார். மன்றோ வார்டிலேயே இருந்தார். "கவசம் படி, மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று வர்ற ஃபார்வர்டுகளை அனுப்புறவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் நின்னு படிக்கணும்.

அப்போது வெளியே அவருடைய சீடர் சின்னசாமி ஜோதிடர் சண்முக கவசத்தைப் பாராயணம் செய்துகொண்டிருந்தார். 1891-ல் சுவாமிகளே பாடியது அது. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, ஆக 30 பாட்டு. தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லி முருகனிடம் ஒப்படைக்கிற பாட்டு. முறிந்த எலும்பை வேல் தாங்கிப் பொருத்துவதை அந்தச் சீடர் கண்டதாகச் சொல்வார்கள். பதினோராம் நாள், 1924 ஜனவரி 6 அன்று, சுவாமிகளுக்கே இரண்டு மயில்கள் ஆடி வரும் காட்சியும் முருகன் செக்கச்சிவந்த குழந்தையாய்த் தன் அருகே படுத்திருக்கும் காட்சியும் கிடைத்தன. கால் எடுக்கப்படவில்லை. அந்த நாளைத்தான் திருவான்மியூர் சமாதிக் கோயிலில் ஒவ்வொரு மார்கழியிலும் மயூர வாகன சேவை என்று கொண்டாடுகிறோம்.

எல்லாரும் மயிலைப் பத்திதான் பேசுவாங்க. எனக்கு அந்தச் சீடர்தான் பெரிசாத் தெரியுது. ஊருக்கே கவசம் எழுதிக் கொடுத்தவர் படுக்கையில் கிடக்கும்போது, அதை அவருக்காக இன்னொருத்தர் சொன்னார். அதனால, "வலியில என்னால சாமியைக்கூட நினைக்க முடியல"ன்னு அழுற அண்ணனுக்குச் சொல்லுங்க: "நீ நினைக்க வேணாம்ணே, நாங்க உனக்காகச் சொல்றோம்."

நம்ம குப்பங்கள்ல பாடு முறை இருக்கே, யார் எந்த இடத்துல என்னைக்கு வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கிறது, அதே மாதிரி ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாடு போடுங்க. இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர். துணைக்கு இருக்கிற அக்காவும் ஒரு ராத்திரி தூங்கணும் இல்லையா?

மனசு பயந்தா புண் ஆறுவதும் தாமதமாகும், இது வெறும் பேச்சு இல்லை. 1995-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். ஞாபக மறதி நோயாளியைப் பல காலம் பார்த்துக்கொண்டு மன அழுத்தத்தில் இருந்த பெண்களுக்கும், அப்படி இல்லாதவர்களுக்கும், ஒரே அளவில் சின்னக் காயம் செய்து பார்த்தார்கள். அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு ஆற சுமார் 9 நாள் கூடுதலாக ஆனது. பல் மருத்துவ மாணவர்களிடம் பார்த்தபோது, விடுமுறையைவிட பரீட்சை நேரத்துக் காயம் 40 சதவீதம் மெதுவாக ஆறியது. நோயாளி பக்கத்துல உட்கார்ந்து கடன் கணக்குப் பேசுற சொந்தக்காரங்க இதைக் கேட்டுக்கங்கப்பா.

டிரெஸ்ஸிங் நேரத்துக்கு ஒரு பழக்கம் சொல்றேன். மெதுவா மூச்சை இழுத்து, விடும்போது 'சரவணபவ' ஆறெழுத்தையும் ஒவ்வொண்ணா விடுங்க. இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கட்டும். உடம்பு இறுகாம இருந்தா வலி கொஞ்சம் தளரும். கூடவே வாய் திறந்து கேளுங்க: "சிஸ்டர், பிரிக்கிறதுக்கு முன்னாடி வலி மாத்திரை தர முடியுமா? துணி ஒட்டியிருக்கு, சலைன் ஊத்தி நனைச்சு எடுங்க. எடுக்கும்போது சொல்லிட்டு எடுங்க." கேட்கிறது தப்பே இல்லை. விபூதியை நெத்தியில வைங்க, புண்ணுல வேண்டாம். மஞ்சளும் அப்படித்தான்.

பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் ஜெபமாலை உருட்டுவார், எதிர்க் கட்டில்ல ஒரு பாய் துவா கேட்பார். நம்ம ஏரிக்கரையே அப்படித்தானே? கவசத்தை மெதுவாச் சொல்லுங்க, போன்ல போட்டா இயர்போன் போட்டுக்கங்க.

காயம் ஆறி பொன்னேரி பக்கம் வரும்போது ஆண்டார்குப்பத்தில் இறங்குங்க. இடுப்பில் கை வைத்து அதிகாரமாய் நிற்கிற பாலமுருகனைப் பாருங்க. இப்போ யாராவது நம்ம ஊர்க்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தா, இந்த செவ்வாய்க்கிழமை யாருடைய பாடுன்னு குரூப்ல போடுங்க.

வேலும் மயிலும் துணை!