தவணை கொடுப்போமா?

சகோதர வியாபாரிகளே!

நெருக்கடியிலுள்ள கடனாளிக்குத் தவணை கொடுப்பது நம் மார்க்கம் கற்பித்த முறை. தவணை கொடுத்ததால் கடன் தள்ளுபடியாகிவிடாது. அடைக்க வழி பிறக்கிறது.

தவறிழைத்தவருக்குக் கோர்ட்டு விதிக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பும் இத்தகையதே. சிங்கப்பூரில் இதற்கு 1951இல் சட்டம் பிறந்தது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை, அதிகாரியின் பார்வையில் ஒழுங்காக நடக்கவேண்டும். பிசகினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம். 2011 முதல் சமூகத் தொண்டு ஆணையும் உண்டு. 40 முதல் 240 மணி நேரம் ஊருக்கு உழைக்கவேண்டும். இதனைச் ‘சும்மா விட்டுவிட்டார்கள்’ என்பது சரியன்று.

“கல்லாப்பெட்டி அமானிதமாயிற்றே! திருடியவனை எப்படிச் சேர்ப்பது?” என்பீர்கள். நியாயமான கேள்விதான். கல்லாவில் உட்கார்த்த வேண்டாம். மூட்டை இறக்கட்டும், சரக்கு அடுக்கட்டும். புது வாடிக்கைக்காரருக்கு நாம் முதல் நாளே ஆயிரம் வெள்ளி கடன் கொடுப்பதுண்டா? சிறுகச் சிறுகத்தானே நம்புகிறோம்! அவனுடைய பழைய கதையைக் கடைக்கு வருவோர் போவோரிடம் சொல்லாதிருப்பதும் அமானிதமே.

திருட்டுக்குத் தண்டனை கூறும் அல்மாயிதா 38ஆம் வசனத்தை அடுத்தே, 39ஆம் வசனம் தவ்பாவைப் பேசுகிறது. அல்லாஹ் திறந்து வைத்த வாசலுக்கு எதிரே நம் கடைக்கதவைச் சாத்துவது அழகா?

கோர்ட்டு தவணை கொடுத்துவிட்டது. அந்தத் தவணைக்குள் உழைத்துப் பிழைக்க ஒரு வேலை வேண்டுமே! அதைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.