‘எதற்கு?’ என்று கேட்கும் பிள்ளை

பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்கென்று வழிவழியாகச் சில உத்திகள் வைத்திருக்கிறோம். ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பார்’, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’, ‘டீச்சர் உன்னை மெச்ச வேண்டாமா’. ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பையன்கள் பலரிடம் இவை எடுபடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் தன்னை ஏன் பாதிக்க வேண்டும் என்று அப்படிப்பட்ட பையனுக்கு உண்மையிலேயே புரிவதில்லை. நாமோ சோம்பேறி, பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதே பையன் மின்விசிறிகளைப் பற்றிச் சோறு தண்ணீர் மறந்து படிப்பதை என்ன சொல்வது?

டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வெண்டி லாசன் ஆகிய மூவரும் 2005-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. யாருடைய கவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. பெரும்பாலோர் அதைப் பல விஷயங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனமோ ஒன்றிரண்டில் மொத்தமாக இறங்கிவிடுகிறது. அங்கிருந்து சட்டென்று திரும்புவது அவர்களுக்குப் பெரும்பாடு.

ஆகவே, ‘பத்து நிமிடத்தில் கணக்கு’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது உதவுகிறது. ‘விடுமுறையைப் பற்றி ஒரு பக்கம் எழுது’ என்றால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பையன் திகைத்து உட்கார்ந்திருப்பான். ‘போன ஊர், பார்த்த மூன்று பொருள்கள், மொத்தம் ஐந்து வரி’ என்று பிரித்துக் கொடுத்தால் பேனா நகரும். பள்ளியின் இரைச்சலை நாள் முழுக்கத் தாங்கி வந்தவனுக்கு, புத்தகத்துக்கு முன் கொஞ்ச நேரம் தனிமை வேண்டும். இவையெல்லாம் தடையை விலக்கும். படிக்க ஒரு காரணத்தைத் தந்துவிடாது.

அந்தக் காரணம் எப்படிப் பிறக்கும் என்பதற்கு டெம்பிள் கிராண்டின் சாட்சி. ஆட்டிசம் உள்ள இவர் 1947-இல் அமெரிக்காவில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் குதிரை லாயத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வார். பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். அந்த இறுக்கத்தில் மாடுகள் அமைதியாவதைக் கண்டு, தன் பதற்றம் தணியத் தனக்கும் அப்படி ஒன்று செய்துகொண்டார். பள்ளியில் இருந்த உளவியலாளர்கள் அதை விபரீதமாகப் பார்த்தார்கள், எடுத்துவிட நினைத்தார்கள். அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக் மட்டும், அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று அறிவியல் வழியில் கண்டுபிடிக்கச் சொன்னார். அதற்கு ஆய்விதழ்களைப் புரட்ட வேண்டும். அவற்றைப் புரிந்துகொள்ளப் பாடங்களைப் படிக்க வேண்டும். படித்தார். 1989-இல் விலங்கு அறிவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். 1992-இல் அந்த அழுத்தத்தைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இத்தனைக்கும் அல்ஜீப்ரா அவருக்கு வசப்படவே இல்லை. ஆர்வம் எல்லாப் பூட்டுக்கும் சாவியாகிவிடாது.

கார்லாக் செய்ததும் நாம் வழக்கமாகச் செய்வதும் ஒன்றுபோலத் தோன்றலாம். ‘கணக்கை முடி, பிறகு மின்விசிறி’ என்கிறோம். அவனுக்குப் பிடித்ததைப் பிணையாக வைத்து, பிடிக்காததை வாங்கப் பார்க்கிறோம். கார்லாக் எதையும் பிணை வைக்கவில்லை. கிராண்டின் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை மதித்தார். பாடம் அதற்குப் பயன்படும் என்று காட்டினார். ஒரு மின்விசிறிக்குள் வட்டத்தின் கோணமும் மின்சாரமும் காற்றின் ஓட்டமும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப்பிடிக்க நாமும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். அவனோடு உட்காருபவருக்கு வேண்டிய பொறுமையில் பெரும்பங்கு இந்தத் தேடலுக்கே செலவாகும்.

‘இதை எதற்குப் படிக்க வேண்டும்?’ என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள கேள்விதான். மற்றவர்கள் நம் முகம் வாடக் கூடாதென்று படித்துவிடுகிறார்கள். நாமும் பதில் சொல்லாமல் தப்பித்துவிடுகிறோம். அவர்களில் பலர் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மறந்துவிடுவதற்கு அந்தச் சொல்லாத பதிலும் ஒரு காரணம். நமக்காகப் படிக்கத் தெரியாத இந்தப் பிள்ளையிடம் அப்படித் தப்பிக்க முடியாது. அவனுக்கு ஒரு மெய்யான காரணத்தைத் தேடித் தரும் வீடும் பள்ளியும், கேட்காமலே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் பதில் சொல்லத் தொடங்கிவிடுகின்றன.