பயனில் உலாவலும் பாலாற்று மணலும்

பொன்னூர் மலையிலுள்ள குந்தகுந்தாசாரியர் திருவடித் தடங்களை வணங்கிவரக் கடந்த தைத் திங்களில் யாம் எண்மர் சென்னையினின்று வேன் ஒன்றில் புறப்பட்டோம். காஞ்சிபுரத்தைக் கடந்து, வந்தவாசிச் சாலையில் செவிலிமேட்டுப் பாலத்தை அணுகியபோது, ஓட்டுநர் இருமுறை கண்ணைக் கசக்குவதைக் கண்டோம். முன்னிரவிலும் வேறொரு பயணம் போய்வந்தவராம். பாலத்தைத் தாண்டி ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சற்றே கண்ணயருமாறு அவரை வேண்டினோம். அதற்குள் உடன்வந்த சிறுவன் ஆற்று மணலை நோக்கி ஓடத் தொடங்கினான். அவன் பின்னே நாமும் சிறிது உலாவி வரலாமே என்று எழுந்தோம்.

எமக்குத் தமக்கை முறையாகும் மூதாட்டி ஒருவர் மட்டும் எழவில்லை. அணுவிரதங்களைப் பல்லாண்டுகளாக வழுவாது காப்பவர் அவர். "நீங்கள் போய் வாருங்கள். எனக்கு அங்கே என்ன வேலை?" என்றார். சினமோ இகழ்ச்சியோ இல்லாமல் சொன்ன சொல்தான். எனினும் அது எம்முடனேயே மணலில் இறங்கி வந்தது.

அவர் எதை எண்ணிச் சொன்னார் என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்குகளினின்று விலகி நிற்றல். அதன் ஐந்து வகைகளுள் இறுதியாகச் சொல்லப்படுவது பிரமாதசரியை. நிலத்தை வீணே அகழ்தல், நீரை வீணே கலக்குதல், தீயை வீணே மூட்டுதல், செடிகொடிகளை வீணே கொய்தல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சேர்த்துள்ளார். அந்நூலின் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பை இளமையில் மனப்பாடம் செய்தவர்கள் யாம். ஓய்வுக்காக ஆற்றங்கரையில் நடப்பது வீணே திரிதல்தானா என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தோமில்லை.

பாலாறு என்று பெயரேயன்றி, ஆண்டின் பெரும்பகுதி அங்கு மணலே ஆறு. நந்திமலைப் பகுதியில் தோன்றி, மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடையும் இந்நதி, நீரை மணலுக்கடியில் மறைத்து வைத்திருப்பது. படுகையில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சிய மக்கள் அதனை நன்கறிவர். 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளம் இதே ஆற்றில்தான் வந்தது என்று சொன்னபோது சிறுவன் நம்பவில்லை. யாம் இறங்கிய நாளில் நாணற்புதர்களுக்கிடையே ஆங்காங்கே முழங்காலளவு நீர் தேங்கியிருந்தது. சிறுமீன்கள் திரிந்தன. ஈரமணலில் நாரையின் அடிச்சுவடுகள் கோலமிட்டாற்போல் கிடந்தன.

சிறுவன் ஒரு கல்லை எடுத்து நீரில் எறிந்தான். தடுத்தோம். "தண்ணீரில் கல் போட்டால் யாருக்கு வலிக்கும் பாட்டி?" என்றான். மீன்களைக் காட்டினோம், நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிரும் உண்டு என்றோம். கையிலிருந்த மற்றொரு கல்லைக் கீழே வைத்துவிட்டான்.

அவனைத் தடுத்த கை எத்தகைய கை என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் முறை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாம் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, இயற்கைப் பாடத்துக்காக இதுபோன்றதோர் ஆற்றங்கரைக்குச் சென்று, வண்ணத்துப் பூச்சிகளைப் பிடித்து, அட்டையில் குண்டூசியால் குத்தித் தொகுப்பு ஒன்று செய்தோம். நல்ல மதிப்பெண் கிடைத்தது. இரவில் உண்ணாத குடும்பத்தில் பிறந்த எமக்கு அன்று கை நடுங்கவில்லை. காரணம் எளிது: அது பாடம், அதற்குப் பயன் இருந்தது. பின்னர் எம் மாணவரைக் கரைக்கு அழைத்துச் சென்ற ஆண்டுகளில் பூச்சி பிடிக்கச் சொல்லவில்லை. பார்த்து வரைந்து வரச் சொன்னோம். ஆயினும் அந்த அட்டை மறக்கவில்லை.

ஆகவே, 'பயன்' என்னும் சொல்லின்மேல் எமக்கு முழு நம்பிக்கை இல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிவந்த எம் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த பூச்சிகளை எவரும் எண்ணவில்லை. திருத்தலப் பயணம் ஆதலால் கண்ணுக்கு அவை தெரியவுமில்லை. முனிவர்கள் ஊர்தி ஏறாமல், நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி அடிவைக்கும் ஈரியாசமிதியை மேற்கொள்வது எதற்காக? அவர்களுக்கும் போகுமிடம் உண்டு. ஆனால் அது அடிக்கீழ் உள்ளதை மறைப்பதில்லை. பிரமாதம் என்பதற்கு விழிப்பின்மை என்றே பொருள். மணலில் இறங்கியபின் அன்று முதன்முறையாக யாம் கீழே பார்த்து நடந்தோம். எறும்பு வரிசையைக் கண்டு விலகினோம். வண்டியில் அமர்ந்திருந்தபோது அது இயலாது.

மரநிழலுக்குத் திரும்பியதும் இதனைத் தமக்கையாரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "கண்ணைத் திறந்துகொண்டு தேவையில்லாமல் நடந்தால் தேவை வந்துவிடுமா? நீ இறங்காதிருந்தால் எறும்பு விலக்கப்படவும் வேண்டாமே" என்றார். விடை சொல்ல முயன்றோம். மூன்று மணிநேரம் மடங்கிக் கிடந்த முதிய கால்களை நீட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தோம். அதற்கு நூறடி போதும். யாம் நடந்ததோ அரைமணி நேரம். முதல் நூறடி கால்களுக்காக. எஞ்சியது நாணலுக்கும் நாரைச் சுவட்டுக்கும் ஆக. அதனை மறைப்பதில் பொருளில்லை.

அந்த எஞ்சிய நடையைக் குற்றம் என்று கணக்கில் எழுதவும் மனம் வரவில்லை, குற்றமன்று என்று அடித்துவிடவும் துணிவில்லை. இத்தகையவற்றுக்காகத்தான் மாலையில் பிரதிக்கிரமணம் வைத்தார்கள் போலும். சிறுவனின் கல்லையும் சேர்த்தே அன்று நினைந்தோம்.

பொன்னூரில் வழிபாடு முடித்து, பொழுது சாயுமுன் உணவும் கொண்டு திரும்பினோம். பாலத்தை அடைகையில் நன்றாக இருட்டிவிட்டது. "தம்பி, தூக்கம் வருகிறதா? வந்தால் நிறுத்துங்கள்" என்று ஓட்டுநரிடம் முதலில் கேட்டவர் தமக்கையார்தான். "இல்லை அம்மா, காலையில் நன்றாகத் தூங்கிவிட்டேன்" என்றார் அவர். வண்டி நில்லாமல் ஆற்றைக் கடந்தது.