இருப்பதும் இருக்கவேண்டியதும்: தன்னியக்கச் சோதனை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

சோதித்தறிந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பது மனித சமுதாயம் நெடுங்காலமாகப் போற்றிவரும் நெறியாகும். அரசன் தனக்குத் துணையாவாரை ஆராய்ந்து தேர்வது பற்றித் திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டிருத்தல் இதற்குச் சான்றாகும். பொற்கொல்லன் பொன்னின் மாற்றை அறிய உரைகல்லை நாடுகின்றான். ஆயின் உரைகல் தானாக எதனையும் அறிவிப்பதில்லை. மாற்றுத் தெரிந்த பொன்னின் கீற்றை அருகே உரைத்து, இரண்டையும் ஒப்புநோக்கும் கண்ணே தீர்ப்பு வழங்குகின்றது. சோதிக்கப்படும் பொருளுக்குப் புறத்தே ஓர் அளவுகோல் இருந்தாலன்றிச் சோதனை என்பது பொருளற்றதாகும். கணினி மென்பொருளைக் கணினியே சோதிக்கும் இக்காலத்தில் இப்பழைய உண்மை புதியதோர் ஒழுக்கவினாவாக எழுந்துள்ளது. சோதிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். எது சரி, எது பிழை எனத் தீர்மானிக்கும் பொறுப்பையும் அதனிடம் ஒப்படைத்தல் தகுமா என்பதே அவ்வினா.

மென்பொருளிற் சிறு மாற்றஞ் செய்யப்படுந்தோறும் முன்னர் இயங்கியவை யாவும் இன்னும் இயங்குகின்றனவா எனப் பார்த்தல் இன்றியமையாதது. இதனைக் கையாற் செய்வது சலிப்பூட்டும் வேலை. இச்சலிப்பை நீக்கும்பொருட்டே 2004ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் ‘செலீனியம்’ என்னுங் கருவியை உருவாக்கினார். இணையப் பக்கத்தில் மனிதன் அழுத்தும் பொத்தான்களைத் தானே அழுத்தி, தோன்றும் விடையைத் தானே வாசிக்க வல்லது அது. எனினும் அதனை இயக்க நிரலெழுதும் அறிவு வேண்டப்பட்டது. அத்தேவையையும் குறைக்க வந்தவையே ‘லோ கோட்’ என வழங்கும் குறைநிரற் கருவிகள். செலீனியத்தை அடித்தளமாகக் கொண்ட ‘கட்டலோன்’ போன்றவை இவ்வகையின.

இத்தகைய கருவியொன்றைக் கொண்டு சோதனைத் திட்டம் அமைக்கப்படும் முறை எளிதானது. முதலிற் சோதிக்கவேண்டிய இணையத்தளத்தின் முகவரி கொடுக்கப்படுகின்றது. பின்னர்ப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒருவர் பயனாளர்போல அத்தளத்திற் செயற்படுகின்றார். கருவி அவர்தம் ஒவ்வோர் அசைவையும் ஒரு படியாகக் குறித்துக்கொள்கின்றது. திரையில் தோன்றும் ஒரு பெறுமானத்தைச் சுட்டி, ‘இது இவ்வாறிருத்தல் வேண்டும்’ எனச் சரிபார்ப்பு ஒன்று சேர்க்கப்படுகின்றது. இறுதியாக இப்படிகள் தொகுக்கப்பட்டு, நாள்தோறும் நள்ளிரவில் தாமாக இயங்குமாறு நேரங் குறிக்கப்படுகின்றது. காலையில் அறிக்கை வரும்: பச்சை எனில் வெற்றி, சிவப்பு எனில் தோல்வி.

இப்படிகளுள் ஒன்று மட்டும் ஏனையவற்றினின்றும் இயல்பில் வேறுபட்டது. முகவரி கொடுத்தலும், அசைவுகளைப் பதிதலும், நேரங் குறித்தலும் பொறிமுறைச் செயல்கள். ‘இது இவ்வாறிருத்தல் வேண்டும்’ எனச் சொல்லுதலோ ஒரு தீர்ப்பாகும்.

உதாரணமாகக் கடன் வட்டியைக் கணிக்கும் ஓர் இணையப் பக்கத்தைக் கொள்வோம். 1,00,000 ரூபாவிற்கு ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி வீதம் 6 மாதங்களுக்கு வட்டி 6,000 ரூபா. நிரலிலுள்ள பிழையொன்றினால் மாதங்கள் ஏழெனக் கணிக்கப்பட்டுத் திரையில் 7,000 எனத் தோன்றுகின்றது என்க. சோதனையைப் பதிபவர் அத்தொகையைச் சுட்டுகின்றார். கருவி அதனையே எதிர்பார்க்கும் விடையாக எழுதிக்கொள்கின்றது. அன்றுதொட்டு ஒவ்வோரிரவும் பிழையான தொகை தோன்ற, ஒவ்வொரு காலையும் பச்சை அறிக்கை வருகின்றது. பின்னொருநாள் நேர்மையான நிரலாளர் ஒருவர் பிழையைத் திருத்தித் தொகையை 6,000 ஆக்கினால், அன்றுதான் அறிக்கை சிவப்பாகும். பிழை காவல் பெறுகின்றது, திருத்தம் குற்றமாகின்றது. அந்த 1,000 ரூபாவைச் செலுத்துபவனோ இச்சோதனை ஒன்று உண்டென்பதையும் அறியான்.

இங்கு நிகழ்ந்தது யாது? ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில் ஒழுக்கவியலாளர்தம் வாதங்களிற் காணப்படும் ஒரு நழுவலைச் சுட்டிக்காட்டினார். உலகில் ‘இருப்பது’ பற்றிப் பேசத் தொடங்குவோர், யாதொரு காரணமுங் காட்டாது ‘இருக்கவேண்டியது’ பற்றிய கூற்றுக்குத் தாவிவிடுகின்றனர் என்பது அவர்தம் கருத்தின் சாரம். மெய்யியலாளர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்துவரும் அத்தாவல், பதிவுக்கருவியில் ஒரு சுட்டியின் சொடுக்கில் நிகழ்ந்துவிடுகின்றது. நேற்றைய திரையிலிருந்த தொகை, இன்றைய நியமமாகி நிற்கின்றது.

சில கருவிகளிற் காணப்படும் ‘தன்திருத்தம்’ என்னும் வசதி இச்சிக்கலை மேலும் ஆழமாக்குகின்றது. பக்கத்திலுள்ள ஒரு பொத்தானின் அடையாளம் மாறிவிட்டால், கருவி அதனையொத்த பிறிதொன்றைத் தேடிக்கொண்டு சோதனையைத் தொடர்கின்றது. வீண் தோல்விகள் குறைவது உண்மையே. எனினும் பொத்தான் மாறியது தற்செயலா தவறா என்பதை ஆராயாது வினாவே தன்னை மாற்றிக்கொள்ளுமாயின், அது தேர்வுக்குரிய தன்மையை இழந்துவிடுகின்றது. மாணவனின் விடைக்கேற்ப வினாத்தாளைத் திருத்தும் பரீட்சகரை எவரும் நேர்மையாளர் என்னார்.

இவை யாவும் ஏட்டுச்சிக்கல்களே எனக் கருதுவோர் பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அங்கு 1999 முதல் கிளை அஞ்சலகங்களின் கணக்குகள் ‘ஹொறைசன்’ என்னும் கணினி முறைமையிற் பேணப்பட்டன. அம்முறைமை காட்டிய பற்றாக்குறைகளை ஆதாரமாகக் கொண்டு 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர். பலர் உடைமை இழந்தனர். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அம்முறைமையிலிருந்த பிழைகள் பொய்யான பற்றாக்குறைகளைத் தோற்றுவித்தமையை ஏற்றுக்கொண்டது. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமியற்றி அத்தீர்ப்புகளை நீக்கவேண்டியதாயிற்று. மறுதலிக்கப்படாதவிடத்துக் கணினி சரிவர இயங்கியதாகவே கொள்ளவேண்டும் என்னும் சட்ட ஊகம் அக்காலத்தில் அங்கு நிலவியமை மனங்கொள்ளத்தக்கது. முறைமை காட்டிய தொகையே அம்முறைமைக்கு அளவுகோலாயிற்று. புறத்தே நின்று தம் கையிலிருந்த பணத்தை எண்ணிக் காட்டிய மனிதரின் சொல் எடுபடவில்லை.

சோதனையின் எல்லைகளை அறிஞர் முன்னரே உணர்த்தியுள்ளனர். ஒரு கோட்பாட்டை எத்தனை சான்றுகளும் முற்றாக நிறுவா. முரணான ஒன்றே அதனைப் பொய்ப்பிக்கும் என்பது கார்ல் பொப்பர் 1934இல் வெளியிட்ட நூலின் அடிப்படை. நிரல்களைச் சோதித்தல் பிழைகள் உண்டென்பதைக் காட்டவல்லதேயன்றி இல்லையென்பதைக் காட்டவல்லதன்று என டச்சுக் கணினியறிஞர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தினார். எனவே நூறு பச்சை விளக்குகளின் பொருள், கேட்கப்பட்ட நூறு வினாக்களுக்கும் எதிர்பார்த்த விடைகள் கிடைத்தன என்பதே. கேட்கப்படாத வினாவைப் பற்றியும், தவறாக எதிர்பார்க்கப்பட்ட விடையைப் பற்றியும் அவ்விளக்குகள் வாய்திறவா.

ஆயின் குறைநிரற் கருவிகளை ஒதுக்குதலே அறம் எனக் கூறுதல் பொருந்தாது. நிரலெழுத அறிந்தோர் மட்டுமே சோதிக்கலாம் என்றிருந்த காலத்தில், வட்டிக் கணக்கின் நுட்பமறிந்த வங்கி எழுதுநரும், மருந்தின் அளவறிந்த தாதியும் அவ்வேலையினின்று விலக்கப்பட்டிருந்தனர். எது சரி என அறிந்தோர் ஒருபுறமும், அதனை இயந்திரத்திற்குச் சொல்ல வல்லோர் மறுபுறமுமாகப் பிரிந்துநின்றனர். அப்பிரிவைக் குறைத்தமை இக்கருவிகளின் பெருஞ்சிறப்பாகும். தொழிலறிந்தவர் தம் அறிவை நேரே சோதனையாக்கலாம். பதிவு செய்யப்பட்ட சோதனைக்குந் தனக்கெனப் பயனுண்டு. நேற்றிருந்த நிலை இன்று மாறிவிட்டது என்பதை அது அறிவிக்கும். மாற்றத்தைக் காட்டும் அதனை உண்மையைக் காட்டுவதாகக் கொள்வதே தவறு.

ஆதலின் இத்தகைய திட்டத்தை அமைப்போருக்குச் சில கடமைகள் உள. எதிர்பார்க்கும் விடையைத் திரையிலிருந்து எடாது, சட்டத்திலிருந்தோ ஒப்பந்தத்திலிருந்தோ தம் கைக்கணக்கிலிருந்தோ பெறுதல் முதற் கடமை. வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்திச் சோதனை தோற்கின்றதா எனக் காணுதல் இரண்டாவது. தோற்கத் தெரியாத சோதனை எதனையும் சோதிப்பதில்லை. கருவி தானாகச் செய்த திருத்தங்களை மனிதர் ஒருவர் பார்வையிட்டு ஒப்புதல் மூன்றாவது. சிவப்பு அறிக்கை வந்தவிடத்துச் சோதனையை நீக்கிவிட்டுப் பச்சையைப் பெறும் ஆசையை அடக்குதல் நான்காவது. இவற்றுள் எதற்கும் நிரலறிவு பெரிதும் வேண்டியதில்லை. நேரமும் நேர்மையுமே வேண்டும். கருவி மிச்சப்படுத்தித் தந்த நேரம் இவற்றுக்கே உரியது.

‘இவ்வாறிருத்தல் வேண்டும்’ என்னும் வாக்கியத்திற்கு எழுவாயாக ஒரு மனிதர் நிற்றல் வேண்டும். அவர் ஏன் எனக் கேட்கப்படும்போது காரணங் கூறக்கூடியவராதல் வேண்டும். கருவியிடம் அக்கேள்வியை எழுப்பினால், நேற்று அவ்வாறிருந்தது என்பதற்குமேல் அதனிடம் விடையில்லை. பிழையாகக் கணிக்கப்பட்ட வட்டியைச் செலுத்துபவனுக்கும், செய்யாத குற்றத்திற்குச் சிறைசென்ற அஞ்சலதிபருக்கும் அவ்விடை போதுமானதன்று.